ஆறாப்புண்ணும் பச்சிலையும்: மயிலாப்பூர் முதல் அடையாறு வரை

புண்ணுக்குப் பச்சிலை கட்டுவது ஆதிகாலம் தொட்டு மாறாமல் வரும் வழக்கம் என்றே பலரும் எழுதுகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. கை அறுபட்டால் கிராமங்களில் இன்றும் தேடிப் பறிக்கும் வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த செடி. கொலம்பஸுக்கு முந்தைய எந்த ஏட்டிலும் அதற்கு இடம் இருந்திருக்க வழியில்லை. வேலியோரம் புதிதாக முளைத்த களையைக் கசக்கிப் பிழிந்து, ரத்தம் நிற்கிறதா, சீழ் பிடிக்காமல் ஆறுகிறதா என்று பார்த்த பிறகே நம் மக்கள் அதை மருந்தாக ஏற்றிருக்க வேண்டும். இப்படிச் சோதித்து ஏற்கும் பழக்கமே இந்த மரபின் உயிர் என்பது என் வாதம். சென்னையின் நூறாண்டு வரலாறு அதற்குத் துணை நிற்கிறது.

ஆறாப்புண்ணுக்குச் சித்த மருத்துவர்கள் பெரிதும் நம்பும் மத்தன் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், துருசு மூன்றும் சேர்த்து, நீர் வற்றிப் பதம் வரும்வரை காய்ச்சுகிறார்கள். ஊமத்தை நச்சுச்செடி, துருசோ தாமிர உப்பு. வெறும் மூலிகை, ஆகவே பக்கவிளைவே இல்லை என்ற பேச்சுக்கு இந்தத் தைலமே மறுப்பு. இத்தகைய மருந்துகளின் பதம் ஒரு காலத்தில் வைத்தியர் கையோடு நின்றது. அதைப் பொதுவில் கொண்டுவரும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தன. 1905-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தைத் தொடங்கினார். நாட்டு மருத்துவத்தை ஆராய 1921-இல் அமைந்த உஸ்மான் குழு நாட்டு வைத்தியர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி 1923-இல் அறிக்கை தந்தது. அதன் செயலாளர் கேப்டன் ஸ்ரீனிவாசமூர்த்தி, பின்னாளில் அடையாறு நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1944-இல் வைத்தியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து இம்ப்காப்ஸ் மருந்து நிறுவனத்தைத் தொடங்கியபோது, வீட்டுச் சட்டியில் காய்ந்த தைலம் ஒரே அளவில் புட்டிக்கு வந்தது. இந்த மாற்றத்தைச் சிறியதாக நான் கருதவில்லை. ஒரே மாதிரி செய்யப்படாத மருந்தை எவராலும் மதிப்பிட முடியாது.

அடுத்த கட்டம், யாரும் எதிர்பாராத இடத்தில், தோல் பதனிடும் ஆய்வுக்காக 1948-இல் அடையாற்றில் எழுந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது. தோலுக்கு வலுத் தரும் புரதம் கொலாஜன். புண் ஆறுவதென்றால் அது மீண்டும் உருவாவதுதான். ஆகவே அங்கிருந்தோருக்கு இது அந்நியத் துறை அல்ல. வல்லாரை, கற்றாழை, கடுக்காய் ஆகியவற்றை எலிகளின் காயத்தில் சோதித்து, கொலாஜன் கூடுவதையும் காயம் விரைந்து மூடுவதையும் 1990-கள் முதல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள்.

தலைமுறைகளின் அனுபவம் இருக்க, எலிச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். சிறு காயங்கள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடும். ஆற்றிய பெயர் இலைக்குப் போய்ச் சேர்கிறது. ஆறாமல் காலை இழந்தவர்களின் கணக்கை ஊர் நினைவு வைத்திருப்பதில்லை. ஆன்டிபயாடிக் வந்தபின் இலை எதற்கு என்பது எதிர்த் திசைக் கேள்வி. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ரத்த ஓட்டம் குன்றியிருப்பதால், விழுங்கும் மருந்து புண்ணைப் போதிய அளவில் எட்டாமல் போகலாம். மேற்பூச்சு மருந்துக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் உணர்ச்சி மரத்த காலில் சுத்தம் செய்யாத பச்சிலையைக் கட்டுவது ஆபத்து. எலியின் புதுக்காயத்தில் கிடைத்த முடிவையும் அந்தக் காலுக்கு அப்படியே பொருத்த முடியாது. எலியின் தோல் பெரிதும் சுருங்கியே காயத்தை மூடுகிறது. தேவைப்படுவது நோயாளிகளிடம் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனை: இரு பிரிவினருக்கும் அழுகிய சதையை அகற்றி, பாதத்தின் மேல் அழுத்தத்தைக் குறைத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தைலத்தைச் சேர்க்க வேண்டும். எத்தனை வாரத்தில் புண் மூடியது, எத்தனை விரல்கள் தப்பின என்று இரு பக்கமும் எண்ண வேண்டும்.