முதலாளி கையொப்பமிட்ட வீசா

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் பொறியியலாளன் ஒருவன் எச்-1பி வீசாவுக்கான அடிப்படை மனுவைத் தானே சமர்ப்பித்தல் இயலாது. அவ்வுரிமை அவனை வேலைக்கமர்த்தும் கம்பனிக்கே உண்டு. கடல் கடக்குமுன்னரே வேலை நிச்சயமாகியிருத்தல் வேண்டும். இதனை உலக இயல்பென்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். ஆயின், ஒரு நூற்றாண்டின் முன்னர் அதே நாட்டில், வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு கரையிறங்குவதே பெரும்பாலான தொழிலாளருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. குற்றமாயிருந்தது எவ்வாறு நிபந்தனையாயிற்று என்பதை ஆராய்வது பயனுடைத்து.

உள்நாட்டு யுத்தம் நிகழ்ந்த 1864ஆம் ஆண்டு யூலையில், லிங்கன் கையொப்பத்துடன் ஒரு சட்டம் நிறைவேறிற்று. ஐரோப்பிய உழைப்பாளி தன் கப்பற் செலவுக்காக, பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாத சம்பளத்தை ஈடுவைத்து ஒப்பந்தம் செய்துகொள்ள அது இடமளித்தது. போர்முனைக்குச் சென்றோரின் இடத்தை நிரப்ப ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1868இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஒப்பந்த முறை நீங்கவில்லை. வேலைநிறுத்தம் நிகழுமிடங்களுக்குக் கடல் கடந்த உழைப்பாளரைக் கொணரலாம் என்ற வழியை முதலாளிமார் நன்கு அறிந்துகொண்டனர்.

இதற்கெதிராகத் தொழிலாளர் இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 'நைற்ஸ் ஒவ் லேபர்' என்னும் பேரமைப்பு இக்கிளர்ச்சியை நடத்திற்று. அதில் முன்னின்றோர் மண்வெட்டும் கூலிகள் அல்லர்; சாளரக் கண்ணாடி செய்யும் கைதேர்ந்த தொழிலாளர். தம்மையொத்த திறனுடையோர் ஐரோப்பாவிலிருந்து வருவிக்கப்படுவதை அவர்கள் கண்டிருந்தனர். ஒகையோ மாநிலப் பிரதிநிதி மாட்டின் போரன் மசோதாவைக் கொணர்ந்தார். அவர் பீப்பாய் செய்யும் தொழிலாளரின் சங்கத் தலைவராயிருந்தவர். 1885 பெப்ரவரியில் மசோதா சட்டமாயிற்று. முன்னரே ஒப்பந்தம் செய்து அந்நியத் தொழிலாளரை வருவிக்கும் முதலாளி, ஆளொன்றுக்கு 1,000 டொலர் தண்டம் இறுக்க வேண்டும், ஒப்பந்தமும் செல்லாது.

ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. இவ்வியக்கத்தின் சினம் முதலாளியின் ஒப்பந்தத்தின் மீது மாத்திரம் பாயவில்லை. ஒப்பந்தத்திற் சிக்கியவன் மீதும் பாய்ந்தது. ஹங்கேரியரும் இத்தாலியரும் இழிந்தோராய்ச் சித்திரிக்கப்பட்டனர். சீன உழைப்பாளரை விலக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் பல வரவேற்றிருந்தன. வர்க்க உணர்வும் இனவெறியும் ஒரே வாயிலிருந்து பேசிய காலம் அது. முற்போக்காளர் இவ்வேட்டைப் புரட்டும்போது கூசத்தான் வேண்டும்.

சட்டத்தில் விலக்குகளும் இருந்தன. நடிகர், பாடகர், விரிவுரையாளர், வீட்டு வேலைக்காரர், புதிய தொழில்களுக்கு வேண்டியும் உள்நாட்டிற் கிடையாமலுமிருந்த தேர்ந்த தொழிலாளர் ஆகியோருக்குத் தடையில்லை. மதகுருமாரை யாரும் நினைக்கவில்லை. நியூயோர்க்கிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1887இல் இங்கிலாந்திலிருந்து ஒரு குருவானவரை ஒப்பந்தம் செய்து வருவித்தது. அரசு ஆலயத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. (தேவ ஊழியமும் கூலியுழைப்பே என்று ஓர் அரசாங்கம் வாதிட்டது வரலாற்றில் அரிதாகத்தான் நிகழ்ந்திருக்கும்!) 1892இல் உயர் நீதிமன்றம் ஆலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்கள் குருவானவரையும் உள்ளடக்கும். ஆயின் சட்டத்தின் நோக்கம் மலிவான கையுழைப்பைத் தடுப்பதே, மூளையால் உழைப்போரைத் தடுப்பதன்று என்பது அதன் நியாயம். கையால் உழைப்பவன் வேறு, மூளையால் உழைப்பவன் வேறு என்ற பிரிவினைக்கு நீதிமன்ற முத்திரை அன்று கிடைத்தது. பிற்காலச் சட்டங்கள் இப்பிரிவினையின் மீதே எழுந்தன என்பது நமது கருத்து.

1952ஆம் ஆண்டின் மக்கரன் - வோல்ற்றர் சட்டம் பழைய ஒப்பந்தத் தடையை நீக்கி, எச்-1 என்னும் தற்காலிக வகுப்பை அமைத்தது. ஜனாதிபதி ட்றூமன் தம் மறுப்புரிமையைப் பிரயோகித்தும், கொங்கிரஸ் அதனை மீறி நிறைவேற்றிய சட்டம் அது. தேசவாரிப் பங்கீட்டை 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் எச்-1பி உருவாயிற்று: பட்டப்படிப்பு வேண்டும் தொழில்; ஆண்டுக்கு 65,000 பேர்; மொத்தம் ஆறாண்டு. கணினித்துறை பெருகிய வேளையில் அவ்வெல்லை 1,95,000 வரை உயர்ந்தது. 2004இல் மீண்டும் 65,000 ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழக முதுமாணிகளுக்கென 20,000 பின்னர் சேர்க்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அனுமதி பெற்றோருட் பத்தில் ஏழு பேருக்கு மேற்பட்டோர் இந்தியர்.

நிரந்தர வதிவிடம் வேண்டுவோர் நிலை இன்னும் கடினமானது. எந்த ஒரு நாட்டவருக்கும் நூற்றுக்கு 7 வீதத்துக்கு மேல் இல்லை என்பது 1990ஆம் ஆண்டு விதி. சிறு தீவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு! ஆகவே இந்தியர் பலர் பல்லாண்டு காத்திருக்கின்றனர். அந்த மனுவையும் பெரும்பாலும் முதலாளியே இடுகிறார். இடையில் வேறிடம் மாறினால், வரிசையிற் பிடித்த இடம் பொதுவாக நிலைத்தாலும், புதிய முதலாளி மனு வேலையை முதலிலிருந்து தொடங்க நேரலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் வேலை மாறுவதை ஓரளவு எளிதாக்கிற்று. வேலை இழந்தவனுக்கோ 2017 முதல் உள்ள அவகாசம் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் மற்றொரு கம்பனி மனுச் செய்யாவிடில், வேறு வீசாவை நாட வேண்டும் அல்லது பெட்டியைக் கட்ட வேண்டும். அத்தகையவன் சம்பள உயர்வு கேட்டு எவ்வளவு உரத்துப் பேசுவான்?

இவ்விடத்து நம் வாசகருக்கு மலையகத்தின் 'துண்டு' நினைவுக்கு வரலாம். கடன் தொகை குறித்த அத்துண்டின்றித் தோட்டம் மாறுதல் அரிதாயிருந்தது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கூறோம். அவ்வாறு கூறுதல் லயத்திற் பட்டினி கிடந்தவனை அவமதிப்பதாகும். ஆயினும், உழைப்பவன் வேறு இடம் நாடுவதற்குத் தாளொன்று வேண்டும், அத்தாள் பிறர் கையில் இருக்கும் என்ற அமைப்பு இரண்டிற்கும் பொதுவானது.

'ஸ்பொன்சர்' என்பதை நம் நாட்டில் அநுசரணையாளர் என்கிறோம். அநுசரித்தல் என்பதன் மூலப்பொருள் பின்பற்றிச் செல்லுதல். இந்த உறவில் யார் யாரைப் பின்பற்றிச் செல்கிறார் என்பதை மேற்காட்டிய விதிகளே கூறும்.

2025 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்றம்ப், வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கான எச்-1பி மனுவுக்கு 1,00,000 டொலர் கட்டணம் விதித்துப் பிரகடனம் செய்தார். அமெரிக்கத் தொழிலாளரின் ஊதியத்தைக் காப்பதே நோக்கமென்று கூறப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் முதலாளியை விட்டு விலகுவதற்குரிய உரிமை பற்றி அப்பிரகடனத்தில் எதுவும் இல்லை.