பத்தும் ஏழும்

இளைத்தவன் வலுத்தவனை வீழ்த்தினான் என்று கேட்டால் நமக்கெல்லாம் தனி மகிழ்ச்சி. ஜூடோவின் சரித்திரத்தில் என்னைக் கவர்ந்ததும் முதலில் அதுதான்.

1860-இல் பிறந்த ஜிகோரோ கானோ சிறு உருவம் படைத்தவர். பள்ளியில் முரட்டுப் பிள்ளைகளிடம் உதைபட்டவர். 1877-இல் டோக்கியோவில், எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்து வந்த ஃபுகுடா என்ற ஜூஜுத்ஸு ஆசானை அடைந்தார். சாமுராய்களின் காலம் மலையேறி, அக்கலைக்கு மதிப்புக் குறைந்திருந்த சமயம் அது. 'இந்தப் பிடியில் கை எப்படி, கால் எப்படி?' என்று சிஷ்யர் கேட்டார். குரு பதில் சொல்லவில்லை. தூக்கித் தரையில் போட்டார். மறுபடி கேட்டால் மறுபடியும் போட்டார்!

விழுந்து விழுந்தே கானோ காரணத்தைத் தேடினார். நிற்பவனுடைய பாரத்தின் மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது பாதங்களின் எல்லையைத் தாண்டிவிட்டால், மலை போன்றவனும் மரப்பாச்சிதான். ஆகவே முதலில் நிலைகுலைக்க வேண்டும். பிறகுதான் வீழ்த்த வேண்டும். கானோ இதைக் கணக்காகவே சொன்னார்: எதிரியின் பலம் 10, என் பலம் 7. அவன் தள்ளும்போது எதிர்த்து நின்றால் தோற்பேன். பின்வாங்கி இடம் கொடுத்தால் அவன் முன்னால் சாய்வான். அந்தக் கணத்தில் அவன் பலம் வெறும் 3.

1882-இல் ஒரு பௌத்த ஆலயத்தில், 12 பாய் விரித்த கூடத்தில், அவருடைய கோடோகன் பள்ளி பிறந்தது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், எடை வரம்பில்லாத பிரிவில், ஆறரை அடி உயர டச்சுக்காரர் ஆண்டன் கீசிங்க் ஜப்பானிய வீரர் காமினாகாவைத் தரையோடு அமுக்கித் தங்கம் வென்றார். ஜப்பான் கலங்கிப் போயிற்று. கானோவின் கணக்கு பொய்க்கவில்லை. 10-ம் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.