முகமூடி அணிந்த மருத்துவர்

1953இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை, ஒருபாலீர்ப்புடையோரை நடுவண் அரசுப் பணியிலிருந்து நீக்க வழிவகுத்தது. அவர்களை நோயாளிகளாக வகைப்படுத்திய அன்றைய மனநல மருத்துவம் அந்த அநீதிக்குத் துணைநின்றது. 1972இல் டாலஸ் நகரில் கூடிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்க மாநாட்டில் ஜான் ஃபிரையர் என்னும் மருத்துவர், வேலை பறிபோகும் என்ற அச்சத்தால், ரப்பர் முகமூடியும் பொய்முடியும் தொளதொளத்த உடையும் அணிந்து, குரலைத் திரித்துக் காட்டும் ஒலிவாங்கியின் முன், தாமும் ஒருபாலீர்ப்பாளரே என்று அறிவித்தார். நோயாளிகளை நாள்தோறும் நேரில் சந்திக்கும் மருத்துவரே இவ்வாறு ஒளிந்து பேச நேர்ந்தது பெருங்கொடுமை. மறு ஆண்டே சங்கம் ஒருபாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஈர்ப்பை மாற்ற முயலாமல், சமூக வெறுப்பு உள்ளத்தில் ஊன்றிய வெட்கத்தைக் களைய முனையும் ஏற்புச் சிகிச்சையைப் பற்றி 1982இல் உளவியலாளர் ஆலன் மேலியன் விரிவாக எழுதினார்.