கிட்டார் மெருகில் பள்ளம் நிரப்புதல்

மரக் கிட்டாரின் மேற்பூச்சு பெயர்ந்த இடத்தை அதே பூச்சாலோ அதோடு ஒட்டக்கூடிய வேறொரு பொருளாலோ நிரப்பி, சுற்றுப்பரப்போடு மட்டமாக்கி, பளபளப்பு ஏற்றும் பழுதுநீக்க முறை. தச்சர் கதவுக்குப் பட்டி பார்ப்பதும் இதுவும் தோற்றத்தில் ஒன்றுதான். அளவில் பெரிய வேறுபாடு உண்டு. பழைய லாக்கர் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. உப்புத்தாளை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டால் அடியில் உள்ள மரம் வெளியே வந்துவிடும்.

தொடங்குமுன் பூச்சு எந்த வகை என்று அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிட்டார்களில் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்தேற்றும் பிரெஞ்சு பாலிஷைக் காணலாம். கைவினையாகச் செய்யும் கிளாசிக்கல் கிட்டார்களில் அது இன்றும் தொடர்கிறது. 1920களில் மோட்டார் வாகனங்களுக்கென்று பரவிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரை மார்ட்டின், கிப்சன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பெருகின. கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்து இளகினால் அது அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியெஸ்டரோ பாலியூரித்தேனோ என்று கொள்ளலாம். அரக்கும் லாக்கரும் காய்ந்த பிறகும் தம் கரைப்பானில் மறுபடி கரையும். அதனால் புதுத் துளி பழைய பூச்சின் விளிம்பை இளக்கி அதனோடு கலந்துவிடுகிறது, இணைப்புக் கோடு தெரிவதில்லை. பாலியெஸ்டரில் இது நடக்காது. அங்கே சயனோஅக்ரிலேட் பசை துணைக்கு வருகிறது. நன்றாக ஒட்டுமே தவிர, விளிம்பு மங்கலான வளையமாகத் தெரிவதை முழுவதும் தவிர்க்க முடியாது.

பூச்சு மட்டும் போயிருக்கிறதா, மரமும் நசுங்கியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மரம் நசுங்கி வெளியே தெரிந்தால் ஈரத்துணியின் மேல் சூடான இரும்பு முனையைச் சில நொடிகள் வைப்பார்கள். நீராவி ஏறி நார்கள் உப்பி எழும். முகப்புப் பலகை ஸ்புரூஸ் போன்ற மென்மரமாக இருந்தால் பலன் கண்கூடு. நார் அறுந்திருந்தால் எழாது. ஆவி லாக்கரில் பட்டால் வெண்படலம் படியும் என்பதால் சுற்றிலும் எச்சரிக்கை தேவை.

இனி நிரப்பல். மெல்லிய குச்சியின் நுனியால் லாக்கரைத் துளித்துளியாகப் பள்ளத்துக்குள் விடுகிறார்கள். லாக்கரில் பெரும்பகுதி தின்னர்; அது ஆவியாகப் போகப்போக நிரப்பு உள்வாங்குகிறது. முதல் நாள் மேடாக நின்றது மறுநாள் குழியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு துளியையும் உலரவிட்டு அடுத்ததை வைத்து, சுற்றுப்பரப்பைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும்வரை தொடர வேண்டும். கடைசித் துளிக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடாமல் விடுவது நல்லது. இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பில்தான்: அவசரப்பட்டு மட்டமாக்கியது ஒரு மாதம் கழித்து மீண்டும் அமுங்கி, விளக்கொளியில் நிழலாகக் காட்டிக்கொடுக்கும்.

மட்டமாக்குவதற்குச் சவரத் தகடு போதும். இரு முனைகளிலும் மெல்லிய டேப் ஒட்டி, நடுவில் மேடு மட்டும் படும்படி சுரண்டினால் டேப்பின் கனம் நல்ல பூச்சைக் காக்கும். எஞ்சிய மயிரிழை உயரத்தைச் சிறிய கட்டையில் சுற்றிய 800 எண் வாட்டர் பேப்பரால் எடுத்து, 1200, 2000 என்று போய், காம்பவுண்டால் தேய்த்து முடிப்பார்கள். விரலால் நேரடியாக அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். திருகுத் துளைகளுக்கு அருகில் தண்ணீர் கூடாது. மரம் ஈரம் உறிஞ்சி உப்பினால் பூச்சு வெடிக்கும்.

மரத்தின் நுண்துளைகளை நிரப்புவது இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறொரு வேலை. மஹோகனி, ஈட்டி (ரோஸ்வுட்) ஆகியவற்றின் துளைகள் பெரியவை. மேப்பிள், ஸ்புரூஸுக்கு இது தேவையில்லை. பிரேசில் ரோஸ்வுட் அரிதாகிவிட்ட 1960களின் இறுதியில் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது; அந்த மரத்தின் துளைகளையும் நிரப்ப வேண்டும். இதற்குப் பசைபோன்ற ஆயத்த நிரப்பிகள் உண்டு. பிரெஞ்சு பாலிஷ்காரர்கள் செய்வது இன்னும் அழகானது: நுரைக்கல் பொடியை அரக்கோடு தேய்க்க, மரத்திலிருந்து உராய்ந்து வரும் தூள் அவற்றோடு கலந்து துளையை அடைக்கிறது. நிறம் தானாகப் பொருந்துகிறது.

பழைய கிட்டார்களில் குளிர் தாக்கி லாக்கரில் ஓடும் மெல்லிய வெடிப்புக் கோடுகளை நிரப்பாமல் விடுவதே முறை. முழுப் பூச்சையும் களைந்து புதிதாக அடித்தால் பழம்பொருளாக அதன் விலை வெகுவாகச் சரியும். முன்பு யாரேனும் சிலிகான் கலந்த பாலிஷ் போட்டிருந்தால், துடைத்துச் சுத்தம் செய்த பின்னும் புதுத் துளி மீன்கண் போலச் சுருங்கி விலகக்கூடும். அப்போது முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு படலம் பூசி, அதன் மேல் லாக்கரை வைக்கிறார்கள்.