எருமையை இயந்திரமாக்கியவர்: லாண்ட்மாஸ்டரின் கதை

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்கள், அங்குள்ள பண்ணைகளில் ஒருவகைச் சிறு வாகனத்தைக் கண்டிருப்பார்கள். முன்னால் இருவர் அருகருகே அமரலாம். பின்னால் சாமான் ஏற்றும் தட்டு. சேறென்றும் மேடென்றும் பாராமல் ஓடும். கவசாக்கி நிறுவனம் 1988 இல் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை, என்ற பெயரில் இவ்வகை வாகனமொன்றை வெளியிட்டது. உழவனுக்கு ஒரே வாகனம் பல வேலைகளுக்கும் உதவ வேண்டும் என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

அந்த எண்ணம் இலங்கைக்குப் புதியதன்று. மியூல் பிறப்பதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்பே நமது வயல்களுக்கு அது வந்துவிட்டது. அதன் பெயர் லாண்ட்மாஸ்டர்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இப்பெயரை அறியாதவர் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வாழ்பவர்களிலும், ஊரில் அதன் பெட்டியில் ஏறிக் கோயில் திருவிழாவுக்குப் போனவர்கள் பலர் இருப்பர். ஆனால் அதனை உருவாக்கியவர் கொழும்பில் பிறந்த ஓர் இலங்கையர் என்பதை அறிந்தவர் சிலரே.

அவர் பெயர் ரே விஜேவர்தன. 1924 இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். விமானம் ஓட்டுவதிலும் பாய்மரப் படகு செலுத்துவதிலும் பெருவிருப்பம் கொண்டவர். ஐம்பதுகளின் நடுப்பகுதியில், சிறு நிலங்களுக்கேற்ற இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை அவர் வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதி நிறுவனமொன்று அதனை லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் தயாரித்து விற்றது. உலகில் இருசில்லு உழவு இயந்திரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. வெப்பவலயச் சிறு விவசாயியின் வயலை மனத்திற்கொண்டு வடிவமைத்ததே விஜேவர்தனவின் பங்களிப்பு.

அதன் பயன் எத்தகையது? வடபகுதியில் நிலம் பரப்புக் கணக்கில் துண்டுபட்டுக் கிடப்பது. நாற்சில்லு உழவு இயந்திரம் திரும்புவதற்கே இடம் போதாத தோட்டங்கள் அங்கே உண்டு. லாண்ட்மாஸ்டரோ ஒருவர் கைபிடியைப் பற்றி நடந்தபடியே ஒடுங்கிய வரம்புகளுக்கிடையில் திருப்பக்கூடியது. சேற்று வயலில் இறங்கும்போது இறப்பர்ச் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சில்லைப் பூட்டுவார்கள். உழவு முடிந்ததும் பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதுவே வண்டி. நெல் மூடையும் வெங்காயமும் எருவும் விறகும் அதில் ஏறின. இயந்திரத்தின் சுழற்சியைப் பட்டி மூலம் வேறு கருவிக்குக் கொடுத்தால் நீர் இறைக்கவும் உதவியது. சொந்த வேலை முடிந்த பின் அயலவருக்கு வாடகைக்கு ஓடிக் காசும் தந்தது.

எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வடபகுதி விவசாயி கையில் பணம் புழங்கிய காலம் அது. 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானிய இயந்திரங்கள் பெருகின. பெட்டியில் 'குபோட்டா' என்று எழுதியிருந்தாலும் ஊரார் அதனை லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். விற்பனைப் பெயர் இனப்பெயரானது.

பின்னர் போர் வந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் வடக்கில் எரிபொருள் பொன்னுக்கு நிகரானது. பஞ்சிகாவத்தையில் இலகுவாகக் கிடைத்த உதிரிப்பாகங்கள் வடக்கே அரும்பொருளாயின. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சி சென்றபோது, பெரும்பாலோர் நடந்தும் சைக்கிள் உருட்டியுமே சென்றனர். லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவர் தம் வீட்டு முதியோரையும் கைக்குழந்தைகளையும் அரிசி மூடையையும் அதில் ஏற்றினார். 2009 இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையும் அதே காட்சி, மேலும் கொடியதாக. கூரைத் தகரமும் கிணற்று வாளியும் அந்தப் பெட்டிகளில் சென்றன. நெல் சுமக்கப் பிறந்த இயந்திரம் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சுமந்தது. வாகனம் வைத்திருப்பதன் பயன் என்னவென்று அந்த வீதிகளில் நின்றவர்களைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும்.

இவ்வளவு பயன் கண்ட கருவியைப் பற்றி அதனை ஆக்கியவர் என்ன நினைத்தார் என்பதே இவ்வரலாற்றில் வியப்பான பகுதி. தாம் விவசாயத்தை இயந்திரமயமாக்கவில்லை, எருமையை மட்டுமே இயந்திரமயமாக்கியதாக விஜேவர்தன பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். எருமை புல்லைத் தின்று உழைக்கும், சாணம் தரும், பால் தரும், கன்றும் ஈனும். இயந்திரம் எரிபொருளைக் குடித்துப் புகையைத் தரும். அதன் உணவு கப்பலில் வரவேண்டும்.

எழுபதுகளில் நைஜீரியாவின் இபாடான் நகரிலுள்ள வெப்பவலய வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், உழாமலே பயிரிடும் முறைகளில் ஈடுபட்டார். களையை அடக்குவதே உழவின் முதன்மை நோக்கமென்றால், அதனை வேறு வழியில் அடக்கி மண்ணைக் காக்கலாம் என்பது அவர் வாதம். நாடு திரும்பிய பின்னர், கிளிசரிடியா மரத்தை வளர்த்து இலையை உரமாகவும் கிளையை எரிபொருளாகவும் கொள்ளலாம் என வற்புறுத்தினார். 2010 ஓகஸ்டில் மறைந்தார்.

அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளில், 2022 இல், நாட்டிடம் எரிபொருள் வாங்க டொலர் இல்லாது போனது. டீசலுக்காக விவசாயிகள் கலன்களோடு வரிசையில் நின்றனர். வயலில் பயிர் காத்திருக்க, இயந்திரம் முற்றத்தில் கிடந்தது. முந்திய ஆண்டே இரசாயன உர இறக்குமதித் தடையால் நொந்திருந்த விவசாயிக்கு இது இரண்டாவது அடி. அந்த வேளையில் மாட்டைத் தேடியவர்கள் உண்டு. ஆனால் உழவு பழகிய மாடுகள் ஊரில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

எனவே லாண்ட்மாஸ்டர் தீதென்பதா? அவ்வாறு சொல்லும் உரிமை, வெயிலில் ஏர் பிடித்து முதுகு வளையாத நமக்கு இல்லை. அது உழவனின் உடல்நோவைக் குறைத்தது. சிறு விவசாயியைச் சந்தைக்குக் கொண்டுசென்றது. இடர்க்காலத்தில் உயிர் காத்தது. சிங்களப் பொறியியலாளர் ஒருவரின் ஆக்கம் தமிழ் மக்களின் துயரப் பயணத்தில் துணைநின்றதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும். ஆயினும் ஒரு கருவியை வாங்கும்போது அது தரும் பயனை மட்டுமன்றி, அதனால் நாம் எவரை நம்பி வாழ வேண்டியவர்களாகிறோம் என்பதையும் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கைத் தம் சொந்த ஆக்கத்தின் மீதே போட்டுப் பார்த்தவர் ரே விஜேவர்தன. அவரை நினைவுகொள்ள அது ஒன்றே போதும்.