கால அட்டவணையும் உலக மகாயுத்தமும்

ரயில் ஓடுவதற்குக் கால அட்டவணை வேண்டும் என்பதை யாவரும் அறிவர். யுத்தத்திற்கும் கால அட்டவணை உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. 1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலக மகாயுத்தத்தின் வரலாற்றைப் படிக்குங்கால், ரயில்வேப் பணியில் இருக்கும் நமக்கு அச்செய்தி தெளிவாகப் புலப்படுகின்றது. அந்த யுத்தம் ரயிலேறிப் புறப்பட்டது. ரயிற்பெட்டி ஒன்றிலேயே முடிவுற்றது.

1914 ஜூன் 28-ஆம் நாள் போஸ்னியாவின் தலைநகரான சரயேவோவில், ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர்தம் மனைவியாரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் 19 வயது இளைஞன். ஒரு கொலையால் உலகமே தீப்பற்றுமோ எனின், தீப்பொறி சிறிதாயினும் வைக்கோற்போர் முன்னரே அடுக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒருபுறம். ரஷ்யாவும் பிரான்சும் மறுபுறம். கடலாதிக்கத்தில் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் கடும் போட்டி. ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியாவின் மீது போர் தொடுத்தது. அடுத்த ஒரு வாரத்திற்குள் ஐரோப்பாவின் வல்லரசுகளுட் பெரும்பாலானவை களத்தில் இறங்கின.

இத்துணை விரைவுக்குக் காரணம் யாது? இருபுறமும் பகைவரைக் கொண்ட ஜெர்மனி, முதலில் பெல்ஜியத்தின் வழியே பாய்ந்து பிரான்சை வீழ்த்துவது, பின்னர் ரஷ்யாவின் மேல் திரும்புவது என்று திட்டம் வகுத்திருந்தது. எந்தப் படை எந்த ரயிலில், எந்தப் பாலத்தை எப்பொழுது கடப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. ஒரு நாள் தாமதித்தாலும் தோல்வி என அஞ்சினர்.

ஆகஸ்டு 1-ஆம் நாள் மாலை, பிரான்ஸ் போரில் இறங்காது என்ற நம்பிக்கையை அளிக்கும் தந்தியொன்று லண்டனிலிருந்து பெர்லினுக்கு வந்தது. அகமகிழ்ந்த கெய்சர் வில்லியம், படை முழுவதையும் கிழக்கே திருப்புமாறு தளபதி மோல்ட்கேயிடம் கூறினார். ஓராண்டு உழைத்து அமைத்த ஏற்பாட்டை ஓரிரவில் மாற்றவியலாது என்று மறுத்தார் தளபதி. அத்தந்தியின் நம்பிக்கை பொய்யென்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. ஆயினும், அட்டவணைக்கு முன் பேரரசரே கைகட்டி நின்றதை வரலாறு மறக்கவில்லை. ஜெர்மன் படையின் ரயில்வேப் பிரிவுக்குத் தலைவராயிருந்த ஸ்டாப், 1925-இல் வெளியிட்ட நூலில், ரயில்களைத் திருப்பியிருக்க முடியும் என்றே வாதிட்டார்!

விளைந்த நாசமோ சொல்லுந்தரமன்று. மாண்ட போர்வீரர் மட்டும் ஏறத்தாழ 90 லட்சம் பேர். 1916 ஜூலை 1-ஆம் நாள் சோம் நதிக்கரைப் போரில், ஒரே பகலில் 19,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர் உயிர் நீத்தனர்.

ஐரோப்பியர் சண்டை நமக்கென்ன என்று கேட்க இயலாது. இந்திய மக்களைக் கேளாமலே பிரிட்டிஷ் அரசு நம் நாட்டைப் போரில் இழுத்துவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்தனர். 74,000-க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. நம் நாட்டுத் தண்டவாளங்களும் எஞ்சின்களும் கூட மெசபொடோமியாவுக்குக் கப்பலேறின. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. அதன் பெயர் நம் வீட்டுப் பேச்சிலேயே புகுந்துவிட்டது. 1918-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய விஷக்காய்ச்சல், ரயில் சென்ற வழியெல்லாம் பரவி, இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

1918 நவம்பர் 11 விடியற்காலை, பிரான்சின் கொம்பியேன் காட்டில் நிறுத்தப்பட்டிருந்த ரயிற்பெட்டியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் அது முற்பகல் 11 மணிக்குத்தான் அமலுக்கு வரும் என விதித்திருந்தனர். இடைப்பட்ட அச்சில மணி நேரத்திலும் பலர் மாண்டனர்! குறித்த நேரம் வரும்வரை கொலையை நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

1919-இன் வெர்சேல்ஸ் உடன்படிக்கை போரின் பொறுப்பை ஜெர்மனியின் தலையில் சுமத்தியது. 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. அவமானமும் வறுமையும் பிணைந்து வளர்த்த பகையை ஹிட்லர் பயன்படுத்திக்கொண்டான். 1940 ஜூன் 22-ஆம் நாள், பொருட்காட்சியிலிருந்த அதே ரயிற்பெட்டியை அதே இடத்திற்கு இழுத்து வரச்செய்து, பிரான்சைப் பணிய வைத்தான். நமக்குக் கிடைத்த பரிசோ, 1919-இன் ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாக் படுகொலையுமே.

தில்லியின் இந்தியா வாயிலில் 13,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்வோர், வாயிலின் அழகைக் காட்டுவதோடு நில்லாமல், அப்பெயர்களுட் சிலவற்றையேனும் நின்று படிக்கச் செய்தல் நன்று. ஓடும் ரயிலை நிறுத்த அபாயச் சங்கிலி ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கின்றது. 1914-இல் அதனை இழுக்கும் துணிவு எந்த அரசனுக்கும் அமைச்சனுக்கும் இல்லாது போயிற்று. அட்டவணையை எழுதியவன் மனிதன். அதை மாற்றவும் அவனால் இயலும். நம் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்வார்களாக.