பட்டத்து இளவரசரின் குரல்

உயிருள்ள உடலிலிருந்து சிறிது திசுவை எடுத்து ஆராய்வதற்கு 'பயாப்ஸி' என்று பெயரிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் எர்னஸ்ட் பெனியே, ஆண்டு 1879. அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே அம்முறை ஒரு பேரரசின் தலைவிதியோடு பிணைந்துவிட்டது.

1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரடெரிக்கின் குரல் கம்மியது. குரல்வளையில் தோன்றிய கட்டியைப் புற்றுநோய் என்றே கருதிய பெர்லின் மருத்துவர்கள் அறுவைக்கு ஆயத்தமாயினர். லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சியோ, திசுவை ஆராயாமல் கத்தியை எடுக்கலாகாது என்றார். மே மாதம் அவர் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் கண்டவர், உயிரணு நோயியலின் தந்தை ருடால்ஃப் விர்ஷோ. அதில் புற்றுநோய் தென்படவில்லை. அறுவை கைவிடப்பட்டது.

அடுத்து வந்த துணுக்குகளிலும் அவர் புற்றுநோயைக் காணவில்லை. எனினும், எடுத்த பகுதியைக் கொண்டு நோய் முழுவதையும் உறுதியாகக் கூற இயலாது என்றும் எழுதினார். அந்த எச்சரிக்கை எடுபடவில்லை. நவம்பரில் புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. 1888 மார்ச் 9இல் ஃபிரடெரிக் அரியணை ஏறியபோது அவருக்குப் பேச்சில்லை. கழுத்தில் பொருத்திய குழாய் வழியே மூச்சுவிட்டார். 99 நாட்களே ஆண்டு, ஜூன் 15இல் மறைந்தார். பிரேதப் பரிசோதனை புற்றுநோயை உறுதிசெய்தது.

விர்ஷோ தமக்குக் கிடைத்த துணுக்கைப் பற்றி மட்டுமே சொன்னார். கேட்டவர்கள் அதை இளவரசரைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டனர். இன்று அல்ட்ராசவுண்ட் வழிகாட்ட, ஊசி பல இடங்களிலிருந்து திசுவை எடுக்கிறது. குருதியிலுள்ள கட்டிக் குறியீடுகள் துணைநிற்கின்றன. பெரும்பாலும் அவை தனித்துத் தீர்ப்பளிப்பதில்லை. அறிக்கை 'இல்லை' என்ற பிறகும் நோய் வளர்ந்தால், மீண்டும் திசு எடுத்துப் பார்ப்பதே முறை.